சத்தம் போடக்கூடாத வீடு

1. அழாத பிள்ளை

ஆரணியை என்னிடம் கொண்டுவந்தபோது அவளுக்கு மூன்று வயது. முதல் நாள் ஸ்பீச் தெரபிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அழுவார்கள். இவள் அழவில்லை. என் அனுபவத்தில் அழாத பிள்ளைதான் அதிகம் வேலை வைக்கும்.

எங்கள் கிளினிக் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது. அவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார்கள். தகப்பன் சிவகரனுக்குப் புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடையில் வேலை. கூட வந்தவர் அவருடைய அக்கா, பிள்ளைக்கு மாமி. நான் தகப்பனிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமி பதில் சொன்னார்.

“பிள்ளை கதைக்கிறேல்லை, மிஸ். சொல்லுறதெல்லாம் விளங்கும். காதும் நல்லாக் கேக்கும்.”

“அம்மா வரேல்லையோ?”

“அவவுக்குக் கொஞ்சம் களைப்பு.”

“எப்ப இருந்து?”

மாமி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார்.

“பிள்ளை பிறந்ததில இருந்து,” என்றார் மாமி.

மூன்று வருடக் களைப்பு. கேஸ் ஹிஸ்டரியில் அப்படியே எழுதினேன்.

ஹியரிங் டெஸ்ட் செய்வித்தோம். குறையொன்றும் இல்லை. அடுத்த முறை வந்தபோது விளையாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆரணி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து என் கைலேஞ்சித் துண்டால் போர்த்தினாள். மற்றப் பொம்மைகளைச் சுற்றிவர இருத்தி, ஒவ்வொன்றுக்கும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் மாட்டுக்கும் அதே உத்தரவுதான். கடைசியில் எனக்கும் காட்டினாள்.

“நான் ஒருக்கா வீட்டுக்கு வரட்டோ?” என்று மாமியிடம் கேட்டேன்.

“ஏன் மிஸ், வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லையே,” என்றார்.

2. மூன்றாம் மாடி

இருந்தும் அடுத்த கிழமை அவர்களுடைய ஃபிளாட்டுக்குப் போனேன். கோலிங் பெல்லின் வயரைக் கழற்றியிருந்தார்கள். கதவை மெதுவாகத் தட்டினேன். உள்ளே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குசினியில் கிரைண்டரைத் துவாயால் சுற்றி வைத்திருந்தார்கள். ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

ஆரணி வந்து மாமியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். மாமி குனிந்தார். பிள்ளை காதுக்குள் என்னவோ சொன்னாள்.

“என்ன சொன்னவ?”

“தண்ணி கேக்கிறா.”

“கதைக்கிறேல்லை எண்டீங்கள்?”

“இது கதையோ மிஸ்? இது குசுகுசு.”

குசினியில் எனக்குத் தேத்தண்ணி தந்து, நான் பாதி குடித்த பிறகுதான் மாமி விஷயத்தைச் சொன்னார். பிள்ளை பிறந்த பிறகு தாய் மைதிலிக்குக் கடுமையான மனச்சோர்வு வந்திருக்கிறது. சிகிச்சை நடந்தது, இன்னும் மருந்துக் குளிசை குடிக்கிறார். “நல்லா ஓய்வு எடுக்கட்டும்” என்று அந்த நேரத்தில் டொக்டர் சொல்லியிருக்கிறார். மாமி யாழ்ப்பாணத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து அந்த ஓய்வை நடத்திக்கொண்டிருந்தார். அயலவர்கள் கேட்டால் பிரஷர் என்று சொல்லுவார்.

“பிள்ளை ஒருநாள் வீரிட்டு அழ, இவ காதைப் பொத்திக்கொண்டு சுவரில தலையை முட்டினவ,” என்றார். “நான் என்ர கண்ணால பார்த்தனான், மிஸ். அதுக்குப் பிறகு இந்த வீட்டில சத்தம் வர நான் விடேல்லை.”

பிறகு நான் அறைக்குள் போனேன். மைதிலி கட்டிலில் இருந்தார். தலை இழுத்து வாரி, நல்ல உடுப்பு உடுத்திருந்தார். எங்கேயும் போவதற்காக அல்ல.

“ஊமைப் பிள்ளையப் பெத்திட்டன் எண்டு நினைச்சன், மிஸ்,” என்றார். “கதவடியில வந்து நிண்டு பார்ப்பா. நான் கையை நீட்டினாப் போயிடுவா. என்னைப் பிடிக்காது போல.”

“சத்தம் கேட்டால் உங்களுக்குக் கஷ்டமோ?”

“அப்ப கஷ்டம். இப்ப இந்த அமைதிதான் பயமாக் கிடக்கு. எல்லாரும் செத்துப்போச்சினமோ எண்டு சில நேரம் எழும்பிப் பார்க்கிறனான்.”

“மச்சாளிட்டச் சொன்னீங்களோ?”

“அவ எனக்காக எவ்வளவு செய்யிறா. எப்பிடிச் சொல்லுறது?”

3. பல்கனி

மைதிலியின் சம்மதத்துடன் அவருடைய டொக்டரிடம் கதைத்தேன். தாயும் பிள்ளையும் ஒன்றாக இருப்பது இருவருக்கும் நல்லது, மெல்ல மெல்லத் தொடங்குங்கள் என்றார். மாமிக்கு அது திருப்தியில்லை.

“அவர் கதிரையில இருந்து சொல்லுவார். திரும்ப அப்பிடி வந்தால் பார்க்கிறது ஆர்?”

அப்போது சிவகரன் வாய் திறந்தார். “அக்கா, நீங்களும் பக்கத்தில இருங்கோ. ஒருக்கா விட்டுப் பாப்பம்.”

அவர் என் முன்னால் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அதுதான். அந்த வீட்டில் கதைக்காத ஆள் ஆரணி மட்டுமல்ல.

காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு தாயும் பிள்ளையும் பல்கனியில் இருப்பது, மாமி குசினி வாசலில் நிற்பது என்று ஏற்பாடு. தொடக்கத்தில் ஆரணி தாய்க்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். மைதிலியும் விரல் வைப்பார். வாரக்கணக்காக அவ்வளவுதான் நடந்தது. நான் போய்ப் பார்த்து, தொடருங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஒருநாள் மாமி டெலிபோன் எடுத்தார்.

“மிஸ், பிள்ளை கத்திட்டா.”

“என்னெண்டு?”

“மாலு எண்டு.”

மீன்காரர் ஒருவர் “மாலு, மாலு” என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு கீழே சைக்கிளில் போயிருக்கிறார். மடியில் இருந்த பிள்ளைக்கு மைதிலி அதையே மெல்லச் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஆரணி எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுத் தொண்டையில் “மாலூ!” என்றிருக்கிறாள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டாராம்.

“நாங்கள் சைவம், மிஸ்,” என்றார் மாமி. பிறகு குரல் மாறியிருந்தது. “மைதிலி சிரிச்சவ. என்னவோ ஏதோ எண்டு அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடிவந்தனான். இருந்து சிரிக்கிறா.”

4. அதன் பிறகு

நோய் அதோடு போய்விடவில்லை. மைதிலியால் எழும்ப முடியாத நாட்கள் இன்னும் வந்தன. அந்த நாட்களில் பிள்ளையை மறைத்து வைக்காமல், “அம்மாவுக்கு இண்டைக்கு ஏலாது, உன்னோட கோவம் இல்லை” என்று தாயே சொல்லவேண்டும் என்றேன். அவர் சொன்னார். ஆரணிக்கு அது நன்றாக விளங்கிவிட்டது.

சில மாதங்களில் அவள் எல்லாரோடும் சத்தமாகவே கதைக்கத் தொடங்கினாள். பக்கத்து ஃபிளாட் பெண் ஒருநாள் மைதிலியைக் கோயிலுக்குக் கூப்பிட வந்திருக்கிறார். மாமி “அவவுக்குப் பிரஷர்” என்று தொடங்க, ஆரணி முந்திக்கொண்டாள்.

“அம்மாக்கு மனம் சுகமில்லை. குளிசை குடிச்சவ. நாளைக்கு வாங்கோ.”

மாமிக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்ததாம். வந்த பெண் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார். “என்ர தங்கச்சிக்கும் பிள்ளை பிறக்க அப்பிடித்தான் இருந்தது, அக்கா,” என்றார். கோயில் பூசை முடிந்தபிறகும் மாமியும் அவரும் கதைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதைக்காத பிள்ளை வந்தால் வாயையும் காதையும் பாருங்கள். அதோடு அந்த வீட்டில் எதைப்பற்றி ஒருவரும் கதைப்பதில்லை என்றும் விசாரியுங்கள். தாயில் பிழை பிடிக்கவேண்டாம், மாமியிலும் வேண்டாம். தேத்தண்ணி தந்தால் இருந்து குடியுங்கள். கோப்பை பாதியாவதற்கு முன் முக்கியமான விஷயம் எதுவும் வெளியில் வராது.