டியூப்லைட்டில் தரம் பார்த்த இதயம்

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் தூக்கும் என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் கழித்து எக்கோ ஸ்கேன் எடுத்தோம்.

"அடைப்பு போயிடுச்சு. ஆனா இதயத்தோட பம்பிங் கம்மியா இருக்கு. இனிமே எப்படி இருக்கும்னு இந்த ஸ்கேன்தான் சொல்லுது. வெயிட் தூக்காதீங்க, மாத்திரைய விடாதீங்க" என்றார் டாக்டர்.

மாலையில் கணவரின் அண்ணன் வந்தார். அதே தொழிற்சாலையில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவர். அந்தத் திறமை உலகத்தில் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைப்பவர். ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஸ்கேன் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து விரலால் தடவினார்.

"ஒரு கீறல் இல்ல, ஓட்டை இல்ல. ஏ கிரேடுடா. டாக்டருங்க ஜாஸ்தி பயமுறுத்துவாங்க. வேலைக்குப் போ."

இவரும் போனார், மாத்திரையையும் விட்டார். மூத்தவர் பேச்சில் குறுக்கிடக் கூடாதென்று நான் காபி கலந்துகொண்டிருந்தேன். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பத்தாம் நாள் வேலையிடத்திலேயே கால் வீங்கி, மூச்சு முட்டி விழுந்தார். வேலூரில் ஐசியுவில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வாசலில் நின்ற அண்ணன், "அந்த மிஷின்ல படம் சரியா வுழலபோல" என்றார்.

இப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டரைத் தவிர யாரிடமும் கொடுப்பதில்லை. போன வாரம் அண்ணன் வந்து, "புது ஸ்கேன் குடும்மா, பாக்கலாம்" என்றார்.

"தடவிப் பாக்கணும்னா வாசல்ல செருப்பு இருக்கு மாமா" என்றேன்.