கொலோனில் கறுத்துப்போன கண்ணாடி

போன கிழமை சேவியரைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு விரலை நீட்டி, எத்தனை என்று கேட்டார். சேவியர் என் பக்கம் திரும்பி, "மச்சான், லைட்டைப் போடச் சொல்லு" என்றான்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது...

சேவியர் மன்னார்க்காரன். லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கம் இருக்கிறான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். லண்டனுக்கு வரும் முன் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் அகதியாக இருந்தவன். குளிர் தாங்க ஏலாத நாட்களில் அங்கே ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவானாம். மத்தியான வெயிலில் ஜன்னல் கண்ணாடியின் நிறமெல்லாம் தரையில் விழும். "என்ர கால் சப்பாத்தே சிவப்பும் நீலமுமாத்தான் இருக்கும்" என்பான்.

ஒரு கண் முதலே போய்விட்டது. மற்றதும் அதிக நாள் நிற்காது என்று டாக்டர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடியை இன்னொருதரம் பார்க்கவேண்டும்.

இதைக்கூடச் செய்யாவிட்டால் நாங்கள் என்ன கூட்டாளிகள்? நான், சேவியர், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் குகன் — மூன்று பேரும் போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விடிய ரயில் ஏறினோம். ஞாயிறு விடியவே திரும்பவேண்டும். குகனுக்குப் பின்னேர ஷிப்ட்.

இங்கேதான் நான் ஒரு வேலை பார்த்தேன். கொலோனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணைக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாமா? சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குக் கள்ளமாகப் போய் வந்துவிட்டு, அடுத்த கல்யாண வீட்டில் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

மத்தியானம் ரயிலால் இறங்கி வெளியே வந்தால், கோயில் கண்முன்னே நிற்கிறது. நல்ல வெயில். சேவியர் படியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டான். அதற்குள் அண்ணையின் கை அவன் தோளில் விழுந்தது.

"தம்பி, கார் நோ பார்க்கிங்கில நிக்குது. முதல்ல சாப்பிடுவம். கோயில் எங்கையும் ஓடாது."

"ஒரு பத்து நிமிசம் அண்ணை..." என்றான் சேவியர்.

"அண்ணி விடிய எழும்பிச் சமைச்சு வைச்சிருக்கிறா."

அதற்கு மேல் யார் வாய் திறப்பது? அண்ணை வீட்டில் புட்டு, ஆட்டிறைச்சி, கணவாய். பிறகு மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு ஆல்பம். சேவியர் அதை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, "வடிவாயிருக்கு" என்றான். மிச்சமிருந்த பார்வையை அவன் அதில் செலவழித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்து பாயாசம் குடித்தேன்.

முடிந்ததா? இல்லை. "பக்கத்திலதான்" என்று அண்ணியின் தங்கை வீடு. போகாவிட்டால் அவ கோவிப்பா! நெடுஞ்சாலையில் முக்கால் மணித்தியாலம். கார் ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்வதைப் பார்த்தேன். குகனும் பார்த்தான். "அண்ணை, காரைத் திருப்புங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பெயர் மரியாதை என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம்.

திரும்பி வந்து கோயிலுக்குள் நுழையும்போது ஐந்தரை. வெளியே கும்மிருட்டு. உள்ளே மெழுகுதிரிகள் எரிந்தன. சேவியர் ஜன்னல் ஜன்னலாக அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், எல்லாம் கறுப்பாக் கிடக்கு. எனக்கு மட்டும்தான் அப்பிடியோ?"

"இல்லையடா. எங்களுக்கும் கறுப்புத்தான்."

"அப்ப சரி" என்றான். அந்தக் குரலில் ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரியால் வரும்போது சேவியர் பஸ்ஸில் கேட்டான்: "சமருக்கு இன்னொருக்காப் போவமே? அப்ப கன நேரம் வெயில் நிக்கும்." "ஓம், போவம்" என்றேன். இரண்டு பேருக்கும் தெரியும்.

நேற்று அண்ணை போன் எடுத்தார். வந்து போனதில் எல்லோருக்கும் வலு சந்தோஷமாம். ஒருவருக்கும் எங்களில் கோபமில்லை.