தூத் கா தாந்த்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் முடிந்து வீடு திரும்பினால், மாட்டுங்கா பில்டிங் மாடிப்படியில் ஒரு பல் கிடக்கிறது. இரண்டு படி தள்ளி என் பெண் உஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். ஸ்கிப்பிங் கயிறு தடுக்கி விழுந்திருக்கிறாள்.

ஒன்பது வயது. முன்பல். அதுவும் விழுந்து முளைத்த பல் — போனால் போனதுதான்!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனைவி ஜயா, கைக்குழந்தையான சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஈரத்துணியை வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தாள். மேல் வீட்டு மாமி, பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொன்னாள். நாலு மாடிக் கட்டடத்தில் கூரைக்கு எங்கே போவது? சாணிக்குத்தான் எங்கே போவது? அடுத்த மூச்சில் உஷாவின் கல்யாணத்தைப் பற்றியும் மாமி கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

கீழே மளிகைக் கடையில் போன் உண்டு. தாதரில் இருக்கும் பார்ஸி பல் டாக்டரைக் கூப்பிட்டேன். என் ஹிந்தி காய்கறிக்காரனோடு சரி. 'லட்கி கா தாந்த் கிர் கயா', பெண்ணுக்குப் பல் விழுந்துவிட்டது என்று ஒருவழியாகச் சொன்னேன்.

'தூத் கா தாந்த் ஹை?' என்றார்.

தூத் என்றால் பால். தாந்த் என்றால் பல். பல்லைப் பாலில் போடச் சொல்கிறார்... இதில் என்ன சந்தேகம்? 'ஹாங், ஹாங்' என்றேன். அப்புறம் அவர் சொன்னதில் 'ஜல்தி' மட்டும் காதில் விழுந்தது. சீக்கிரம் வரச் சொல்கிறார்!

வீட்டில் இருந்தது சாயங்காலக் காப்பிக்கான பால். ஜயா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காய்ச்சின பாலா, காய்ச்சாத பாலா?"

"அதை அவர் சொல்லலை."

காய்ச்சாமலே டம்ளரில் ஊற்றிப் பல்லைப் போட்டாள். டாக்ஸியில் ஒரு கையால் உஷாவை அணைத்துக்கொண்டு, மறு கையில் டம்ளரைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு போனேன்.

டாக்டர் டம்ளரை எட்டிப் பார்த்தார். பாலில் போடச் சொன்னது யார் என்றார்.

"ஆப் போலா, டாக்டர் சாப்" — நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன்.

அவர் முகத்தில் என்னைவிடக் குழப்பம். பிறகு இங்கிலீஷில் மெதுவாக விளக்கினார். அவர் கேட்டது, 'பால் பல்லா?' என்று. நான் ஆமாம் என்றேனாம். விழவேண்டிய பல்தானே, 'ஜல்தி க்யா ஹை' — என்ன அவசரம், திங்கட்கிழமை வாருங்கள் என்றாராம்!

உஷாவின் வாயைப் பார்த்ததும், இது பால் பல் இல்லையே என்று பதறினார். பல்லைக் குழியில் திருப்பிப் பொருத்திப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். நிற்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, காயாமல் உடனே கொண்டுவந்ததால் ஒரு சான்ஸ் இருக்கிறது என்றார். அந்தச் சில வாரங்கள் உஷா சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் கம்பியை எடுத்தார்கள். பல் அசையவில்லை! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஆகவே, விழுந்து முளைத்த பல் மறுபடி விழுந்தால் பாலில் போடுங்கள், ஓடுங்கள். ஏன் பால் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். டாக்டரே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இனியாவது ஒரு ஹிந்தி கிளாஸில் சேரலாமென்று நேற்று ஜயாவிடம் சொன்னேன்.

"பேசாம இருங்கோ. உங்க ஹிந்தி இப்படியே இருக்கட்டும். சின்னவனுக்கு இன்னும் பல்லே முளைக்கலை" என்றாள்.