ஒரு நாளைக்குப் பதினைந்து

எட்டேகாலுக்கே அரசு அலுவலகக் கேட்டுக்கு முன்னால் நிற்பார் வேடியப்பன். காவலாளி வந்து பூட்டைத் திறக்க இன்னும் அரை மணி ஆகும். அதுவரை ஓரிடத்தில் நிற்பாரா என்றால், அதுதான் இல்லை. வேப்பமரம் வரை ஒரு நடை, திரும்பக் கேட் வரை ஒரு நடை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்தாலே போதுமே என்று கேட்டால், "அது வழியில நின்னுட்டா இன்னா பண்றது?" என்பார். ஒரு முறை பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் பத்தரைக்கு ஆடி அசைந்து வந்தார்கள். இவர் மட்டும் ஓட்டமும் நடையுமாக வந்து, அன்றும் எட்டேகாலுக்கு ஆஜர்.

இருக்காதா பின்னே! நூற்பாலை மூடி டைப்பிஸ்ட் வேலை போய் ஆறு வருடம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவர். எம்ப்ளாய்மெண்ட் கார்டை இரண்டு முறை புதுப்பித்தாயிற்று. மனைவி தமிழ்செல்வி மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உரித்துக் கொண்டுவந்த கூலியில்தான் அடுப்பு எரிந்தது. யாராவது "இப்ப இன்னா பண்றீங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பால் வாங்கக்கூட சந்து வழியாகப் போனவர் இவர். இப்போது சாப்பாட்டுப் பையோடு நடுத்தெருவில் போகிறார். கேட்காதவர்களிடமும் "ஆபீசுக்குப் போய்னுகீறேன்" என்கிறார்.

வேலை தற்காலிகம்தான். தேங்கிக் கிடந்த தொள்ளாயிரம் மனுக்களுக்குப் பதில் அடிக்க வேண்டும். மூன்று மாதம், அல்லது மனுக்கள் தீரும்வரை. எது முந்துகிறதோ அதோடு சரி. உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. முதல் நாளே நாற்பத்திரண்டு அடித்துத் தள்ளிவிட்டார் பாவி மனுஷன்.

சூப்பரிண்டெண்ட் ராஜம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு நாளைக்குப் பதினஞ்சு போதும் தம்பி. இந்த வேகத்துல போனா அடுத்த மாசமே ஊட்டுக்குப் போயிடுவீங்க."

தலையாட்டினார். ஆனால் பதினைந்து என்பது பதினொன்றரை மணிக்கு முடிந்துவிடுகிறதே! மிச்சப் பொழுதை என்ன செய்வது? மெஷினைத் துடைத்தார். ரிப்பனைக் கழற்றி மாட்டினார். பானைத் தண்ணீரை ஆறு தடவை குடித்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க மேடம்" என்று ராஜம்மாளிடமே போய் நின்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எழுத்தர் சக்கரவர்த்தி தன்னுடைய இடமாறுதல் விண்ணப்பத்தை நீட்டினார். பக்கத்து மேஜை ராமதாஸ் தன் வேலையில் பாதியைத் தள்ளிவிட்டார். வேடியப்பன் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார். பிரிவு முழுவதும் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. டீ கூட மேஜைக்கே வந்தது.

ஒரு மாதம் போனது. அதிகாரி கணக்குத்தாளைப் பார்த்துவிட்டு நேராகப் பிரிவுக்கே வந்து நின்றார். "தினம் பதினஞ்சுதானா? லோயர் பாஸ் பண்ண பொண்ணு முப்பது அடிக்கும். இவருக்கு வேகம் வரலன்னா வேற ஆளப் பாருங்க."

சக்கரவர்த்தி கோப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். ராமதாஸ் பேனாவைத் தேடினார். மிச்ச நேரமெல்லாம் யாருக்காக அடித்தேன் என்று வேடியப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. அதிகாரி போனதும், பாதி அடித்திருந்த ராமதாஸின் காகிதங்களை உருவி அவர் மேஜையில் வைத்தார். தன் மனுக் கட்டைப் பிரித்தார்.

அன்று ஐம்பத்தெட்டு. மறுநாள் அறுபத்தொன்று. அலமாரியில் நெஞ்சுயரம் இருந்த கட்டு மளமளவென்று இறங்கியது. தமிழ்செல்வி நிலைமையைக் கேட்டு, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று அழுதிருக்கிறாள். அவரும் அன்று இரவு சாப்பிடவில்லையாம்.

அடுத்த நாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில், ராஜம்மாள் எழுந்து வந்து, கட்டிலிருந்து நூறு மனுவாவது இருக்கும், அள்ளிக்கொண்டு போய்த் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். திரும்பி வந்தவருக்குக் கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நேராக ராஜம்மாள் மேஜைக்கு வந்து கையை நீட்டினார்.

"அதையும் குடுத்துடுங்க மேடம். முடிச்சிடறேன். வேகம் இல்லன்ற பேரு வேணாம்."

"தம்பி, சொன்னா கேளுங்க. இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்."

வேடியப்பன் நீட்டிய கையை மடக்கவில்லை.