வண்டில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போன பூமணியக்கா

பூமணியக்கா போய்விட்டா.

காலையில் ஓமந்தையிலிருந்து அவாவின் பெறாமகன், கூடப்பிறந்தவளின் மகன், போன் எடுத்துச் சொன்னான். தொண்ணூற்றிரண்டு வயது...

"வயது போன மனுசி, நல்ல சாவு" என்று யாரும் கமெண்டில் எழுதவேண்டாம். எழுதினால் டிலீட் பண்ணுவேன். எனக்கு இது நல்ல சாவு இல்லை.

தெரியாதவர்களுக்கு... அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தவ. நேர்ஸ்கூட இல்லை. கூட்டுவது, கழுவுவது, பெட்பான் எடுப்பதுதான் வேலை. ஆனால் வாட்டில் அவா வைத்ததுதான் சட்டம்.

ஊரெல்லாம் இருமலும் காய்ச்சலுமாய் விழுந்த வருஷம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதப் பிள்ளையைப் புளியங்குளத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி விறாந்தையில் பாயில் கிடந்தேன். கட்டில் எல்லாம் நிறைந்துவிட்டது.

பூமணியக்கா காலையில் வந்து ஒவ்வொருவரையும் கேட்பா. காய்ச்சலைப் பற்றி இல்லை... "சலம் போனதோ?" அதுவும் கேற் வரைக்கும் கேட்கிற குரலில்.

சலம் என்றால் எங்கள் பக்கம் மூத்திரம். "சலம் அக்கா" என்றுதான் அவாவுக்குப் பட்டம்.

தலைமாட்டில் மாமி. கால்மாட்டில் மாமா. கல்யாணம் கட்டி இரண்டு வருஷம் ஆகாதவள் மாமாவுக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல?

"ஓம், போனது" என்று குனிந்துகொண்டு சொன்னேன்.

பொய். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு சொட்டுச் சொட்டாய்த்தான்... அதுவும் தேயிலைச் சாயம்போல. மூன்று நாளும் இதே பொய்தான்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. முகம் பூரித்திருந்தது. மாமிக்குச் சரியான சந்தோஷம். ஈர்க்குமாதிரி வந்த மருமகள் தெளிந்துவிட்டாள், ஆஸ்பத்திரிச் சோறு பிடித்துவிட்டது என்று பக்கத்துப் பாய்க்காரிக்கெல்லாம் சொன்னா.

காப்பு கையை இறுக்கியது. நானும் கொழுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

எனக்குப் பிள்ளையைப் பார்க்கவேண்டும். பால் கட்டி நெஞ்செல்லாம் நோவு. வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே அழுகை. மாமா வண்டில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பூமணியக்கா வந்து என் கணுக்காலில் பெருவிரலை வைத்து அமத்தினா. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

நேரே வெளியே போனா. நுகத்தில் பூட்டியிருந்த இரண்டு மாட்டையும் அவிழ்த்தா. கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தா.

மாமா கத்தினார். கூட்டுகிறவளுக்கு என்ன அதிகாரம் என்று மாமி கேட்டா. டொக்டருக்குப் பதிலாய் ஆஸ்பத்திரியைப் பார்த்த அப்போதிக்கரியும் வந்து ஏசினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றா மனுசி.

"இந்தப் பிள்ளை போத்தலுக்க கொஞ்சம் சலம் எடுத்துத் தரட்டும். பிறகு மாட்டைத் தாறன்."

மானம் போனது எனக்கு. ஆனால் மாடு வேண்டுமே... மறைப்புக்குப் பின்னால் அரை மணித்தியாலம் இருந்தும் விரலளவுதான் வந்தது.

அப்போதிக்கரி அதை டெஸ்ட் டியூப்பில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். அவித்த முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரண்டது. மனுசனின் முகம் கறுத்துவிட்டது. மாமி கதிரையில் இருந்துவிட்டா.

காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போயிருந்தால் நான் இல்லை. அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியிலும் பாய் போட இடமில்லையாம். அங்கேயே ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், வைத்துப் பார்த்தார்கள். அளந்துதான் தண்ணீர். சோற்றில், கறியில், ஒன்றிலும் உப்பில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். அக்கா ஏசவில்லை. இன்னொரு கோப்பையில் அதே சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் சம்மணம் கட்டியிருந்து சாப்பிட்டா. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்... எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. சாப்பிட்டேன்.

ஏன் மாட்டை அவிழ்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு முன்னம் செட்டிகுளத்து முஸ்லிம் புடைவை வியாபாரி ஒருவர், எல்லாருக்கும் நானா, இதே காய்ச்சலோடு வந்து, இப்படியே பூரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனவராம்.

"நானா, நல்லாத் தெளிஞ்சிட்டியள் எண்டு நான்தான் வாயால சொல்லி அனுப்பினனான். எட்டாம் நாள் மையத்து எடுத்தவை."

அழவில்லை. சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாட்டுக்குப் போய்விட்டா. அந்த வீக்கத்தை விரலால் அமத்திப் பார்க்கிறதை அதற்குப் பிறகுதான் அப்போதிக்கரியிடம் கேட்டுப் பழகியிருக்கிறா.

நோயாளிப் பெண், இனிப் பிள்ளை பெறமாட்டாள், மகனுக்கு வேறு இடம் பார் என்று மாமிக்குச் சொன்ன ஆட்களும் உண்டு. டொக்டரைக் கேட்டுக் கேட்டே இன்னும் இரண்டு பெற்றேன். சொன்ன ஆட்களுக்கு பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்குப் பலகாரமும் அனுப்பினேன்!

கொரோனா நேரம் டிவியில் ஒரு டொக்டர் சொன்னார், இந்த வைரஸ் மூச்சோடு நிற்காது, கிட்னியையும் பிடிக்கும் என்று. உடனே அக்காவுக்குப் போன் போட்டுக் கத்திச் சொன்னேன். காது கேளாது அவாவுக்கு.

"இப்பதானோ உவைக்குத் தெரியும்?" என்றா.

நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பவேண்டும். சுடலைக்குப் போவது ஆண்கள் மட்டும்தான்.

நானும் வருவேன் என்று பெறாமகனிடம் சொன்னேன். ஆட்கள் கதைப்பார்கள் அன்ரி என்றான்.

கதைக்கட்டும்.

அக்கா... நான் படலையோட நிக்கமாட்டன். சுடலைவரை வாறன்.