ராஜாவின் நாலாவது விலா

கத்தரியை எடுக்கும் முன் எக்ஸ்ரே அண்ணன் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கும்பிடு போடுவார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேர் எழுதியிருக்கும் மூலையை நறுக்கி எறிவார்.

"பேர் தெரிஞ்சிட்டா கழுத்த வெட்ட மனசு வராது தம்பி."

ஆஸ்பத்திரியில் கழித்துப் போடும் பழைய படங்களில்தான் அவர் பொம்மை செய்வார். பகலெல்லாம் இருட்டறையில் அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிறவர், சனிக்கிழமை விளக்கு வைத்ததும் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் போர்வையைக் கட்டி, பின்னால் பல்பைப் போட்டு, நிழலில் கதை சொல்வார். குதிரை ஓடினால் அதன் வயிற்றுக்குள் யாருடைய இடுப்பெலும்போ கூடவே ஓடும். இளவரசியின் பாவாடை முழுக்கப் பல்வரிசை. பிள்ளைகள் பயப்படவில்லை. பெரியவர்கள்தான் பொம்மைகளுக்குள் தங்கள் முட்டியைத் தேடினார்கள்.

அந்த வருடக் கதையில் ஒரு ராஜா. ஆற்றைப் பூட்டிவைத்து, தம்ளர் கணக்கில் தண்ணீர் விடுகிறவன். எங்கள் வீட்டுக்காரரும் மோட்டார் சுவிட்சுக்குப் பெட்டி அடித்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். ராஜா தலையைக் காட்டினாலே நாங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வோம். இளவரசன் வாராவாரம் அவனை வெட்டுவான். வெட்டுவதை மறுபடி பார்க்க வேண்டுமென்று எல்லோரும் கேட்பதால், அடுத்த வாரம் அவன் எழுந்து வருவான்.

ஒருநாள் வீட்டுக்காரர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். எதிர்வீட்டில் நான் புத்தகத்தைத் தாழ்த்தினேன்.

"அந்த ராஜா யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

உள்ளே அண்ணி அடுப்பை அணைத்தார்.

"ஐயா, அது சும்மா கதை..."

"கதைய விடு. அவன் ஆத்தப் பூட்டட்டும், தொறக்கட்டும், எனக்கென்ன. அந்த நெஞ்சு என் நெஞ்சு. இடது பக்கம் நாலாவது விலா கோணலா இருக்கு பாரு. ஏணியிலேருந்து விழுந்தது. நீ அவன வெட்டினா மறுநாள் எனக்கு இங்க பிடிக்குது."

"படத்துல பேரே இல்லீங்களே."

"என் விலா எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவ என்னக் கொன்னா வீட்டக் காலி பண்ணிடு."

அவர் படியிறங்குவதற்குள் அண்ணி, "வேற படத்துல ராஜா பண்ணிடுங்க. பொண்ணுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் எங்கயும் போக முடியாது" என்றார்.

"மாத்தினா, என்ன ஏன்டா பதவியிலேருந்து எறக்கினேன்னு கேப்பாரு."

சனிக்கிழமை வீட்டுக்காரர் முன்வரிசை நாற்காலியில், நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். போர்வையில் இளவரசன் வாளை ஓங்கினான். ஓங்கியவன் அப்படியே நின்றான்.

"வெட்டு, கை வலிக்கப்போகுது" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ராஜா இருமினான். "இருப்பா, மூச்சு வாங்குது."

இளவரசன் வாளைக் கீழே வைத்தான். எதிரியின் தோளைப் பிடித்து, போர்வையோடு ஒட்டினாற்போல் நிறுத்தினான். பிறகு அண்ணனின் ஆஸ்பத்திரிக் குரல் வந்தது:

"தாடையத் தூக்குங்க. மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிங்க."

வீட்டுக்காரர் இழுத்துப் பிடித்தார். பழக்க தோஷம், மாடி முழுவதும் பிடித்தது. மேலே தண்ணீர்த் தொட்டி சொட்டுவது மட்டும் கேட்டது. அடுத்து என்ன செய்வதென்று அண்ணனுக்கே தெரியவில்லை என்பது அந்த அமைதியின் நீளத்திலேயே தெரிந்தது. வீட்டுக்காரரின் பிடரி சிவந்தது.

"விடுங்க."

எல்லோரும் விட்டோம். போர்வை லேசாக ஆடியது.

"ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு. போய் வேலையப் பாருங்க" என்றான் இளவரசன். ராஜா நடந்தே அரண்மனைக்குப் போனான். கதை முடிந்தது.

"இதுக்கா படியேறி வந்தோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழ்வீட்டு அக்கா பாயைச் சுருட்டினார். வீட்டுக்காரர் போர்வைக்குப் பின்னால் போய், "சுத்தமா இருக்குன்னு சொன்னியே, அத வாராவாரம் சொல்லிடு. பரீட்சை முடிஞ்சாலும் இரு" என்றார்.

அண்ணன் இன்றும் அங்கேதான் இருக்கிறார். தண்ணீர் பழைய நேரத்துக்கே வருகிறது.

போன மாதம் மொட்டைமாடிச் சாவி வாங்கப் போனபோது வீட்டுக்காரர் மனைவியிடம் அந்த விலா எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்டேன்.

"எக்ஸ்ரேயா, இவருக்கா? ஏணியிலேருந்து விழுந்தன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிஷினப் பாத்ததும் சட்டையக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டாரு. இன்னி வரைக்கும் ஒரு படம் எடுத்ததில்ல."