குறைத்துச் சொன்னது

அமைச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாரென்றால் நெடுநேரம் பேசப்போகிறார் என்று அர்த்தம். கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மக்களின் மனுக்களை வாங்கிக்கொண்டிருந்த அன்று அவர் அதைக் கழற்றியபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எதிரே இருந்த சிங்கள அம்மா, மகனுக்கு ஒரு வேலை கேட்டு வந்திருந்தார்.

ஆயுதம் ஏந்திய இயக்கமொன்றின் தளபதியாக இருந்து, பிறகு அரசாங்கத்தோடு சேர்ந்து அமைச்சரானவர் அவர். காட்டில் கழித்த வருடங்களில் தமிழைத் தவிர வேறு மொழி அவருக்குத் தேவைப்படவில்லை. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கண்டியில் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்த எனக்குச் சிங்களம் சரளமாக வரும். அதனால் மலைநாட்டுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். “தம்பி, நான் சொல்லுறதை அப்படியே சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்பார். என் மகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்ததும் அவர் கொடுத்த கடிதத்தால்தான்.

அந்த அம்மாவின் கணவர் லொறிச் சாரதி. போர்க்காலத்தில் வடக்குக்குச் சாமான் ஏற்றிப்போனவர் கண்ணிவெடியில் இறந்துபோனார். அதை நான் தமிழில் சொன்னதும் அமைச்சர், “எந்த ரோட்டு எண்டு கேளும்” என்றார். பிறகு எந்த மாதம் என்று கேட்கச் சொன்னார். அந்த அம்மா சொன்னார். அப்போதுதான் கடிகாரம் மேசைக்கு வந்தது.

“அம்மா, அந்த ரோட்டிலை கண்ணி வைக்கச் சொன்னது நான்தான்” என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். “ஆமிக்காரருக்கு வைச்சது. அகப்பட்டது உங்கட மனுசன்ர லொறி எண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் நான் சாப்பிட்டன், நித்திரை கொண்டன். மன்னியுங்கோ எண்டு கேக்க எனக்கு வாயில்லை. நீங்கள் என்ன ஏசினாலும் இருந்து கேப்பன்.”

வாசலில் பத்திரிகைக்காரர் ஒருவர் கெமராவோடு நின்றார். அமைச்சரின் பதவி போய்விடுமே என்று பயந்ததாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கணம் என் நினைவுக்கு வந்தது என் உத்தியோகமும் மகளின் வெள்ளைச் சீருடையும்தான். “உங்கள் கணவருக்கு நடந்ததைக் கேட்டு அமைச்சர் மிகவும் வருந்துகிறார்” என்று சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா எழுந்து கைகூப்பினார். “உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும், ஐயா.” அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் தமிழாக்கினேன்.

கண்டிக்குத் திரும்பும் வழியில் வாகனத்தின் பின்சீட்டில் அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். “அந்த மனுசி என்னை மன்னிச்சிட்டா, என்ன தம்பி?”

“ஆமாங்கய்யா.”

அந்த அம்மாவின் மகனுக்கு வேலை கிடைத்தது. அடுத்த தேர்தலில் அமைச்சர் தோற்றார். கட்சிக்காரர்கள் வருவதை நிறுத்திய பிறகும் நான் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவைப் பற்றியே பேசுவார். அந்த ஒரு மன்னிப்பைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்து, நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கடுகண்ணாவைக்குப் போனேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு, கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் தொடங்குமுன் அவரே கேட்டார்: “அன்றைக்கு அந்த ஐயா எவ்வளவு நேரம் பேசினார்! நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மீதி என்ன?”

எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எதையும் குறைக்கவில்லை.

“அவர் செத்த செய்தி கேட்டு விகாரையில் அவருக்கும் பூ வைத்தேனே” என்றார் அந்த அம்மா. பிறகு, “அன்றைக்கே சொல்லியிருந்தால் வாய்விட்டு ஏசியிருப்பேன். கேட்டுக்கொண்டு இருந்திருப்பார், இல்லையா?”

“இருந்திருப்பார்.”

“இனி நான் யாரைப் போய் ஏசுவது?”

“என்னை ஏசுங்கள், அம்மா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வரவேயில்லை.